ஓடாமல் நிற்கும் மோட்டார் சைக்கிளின் பற்றரியைக் காப்பது எப்படி?



ஒரு காலத்தில் தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் என்றால் அது துரையிடமோ, கணக்கப்பிள்ளையிடமோதான் இருக்கும். இன்று பல லயங்களின் வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. சீட்டுப் பிடித்தோ, லீசிங் எடுத்தோ, வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய பணத்திலோ வாங்கிய வண்டி. நடுச்சாமத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், கர்ப்பிணிக்கு வலி கண்டது என்றாலும், பெரிய ரோட்டு வரைக்கும் இறங்கிப் போக அந்த வண்டிதான் துணை.

ஆனால் வண்டிக்குச் சொந்தக்காரப் பையன் கொழும்பில் கடையில் வேலை செய்வான். தீபாவளிக்கு ஒரு தடவை, தைப்பொங்கலுக்கு ஒரு தடவை வருவான். மற்ற நாளெல்லாம் வண்டி வாசலில் தார்ப்பாய் போர்த்தியபடி நிற்கும். அவசரத்துக்கு எடுத்தால் "டிக்" என்று ஒரு சத்தம், அதோடு சரி. "பற்றரி எறங்கிருச்சி" என்று சொல்லிவிட்டு, ராத்திரியில் ஆட்டோவுக்கு ஆள் அனுப்ப வேண்டியதாகிறது. புதுப் பற்றரி வாங்குவதென்றால் பல நாள் பேர் விழுந்தால்தான் முடியும்.

இந்தச் செலவையும் இந்த ஆபத்தையும் பெருமளவு தவிர்க்கலாம். ஒரு ஸ்பேனரும், கொஞ்சம் கவனமும் போதும். அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு மட்டக்களப்பு வாவிப் பிரதேசம். பேராதனையில் தொடங்கும் ஏ5 வீதி கம்பளை, நுவரெலியா, பதுளை, பிபிலை, மகா ஓயா வழியாகப் போய்ச் செங்கலடியில் முடிகிறது. நமது தேயிலை மலையையும் அந்த வாவிக்கரையையும் இணைக்கிற ரோடு அது. இரண்டு இடத்திலும் ஓடுவது ஒரே மாதிரி வண்டிகள்தான். ஆனால் பற்றரி படும் பாடு இரண்டு இடத்திலும் வேறு வேறு. ஏன் என்று தெரிந்து கொண்டால் பாடம் பாதி முடிந்தது.

வாவிக்கரையின் நிலைமை

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள இந்தக் கரையில்தான் கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி எல்லாம் இருக்கின்றன. சூரியன் படும் பக்கம் படுவான்கரை. கொக்கட்டிச்சோலை போன்ற வயல் ஊர்கள் அங்கே. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரைக்கும், அந்த இடத்தில் மோட்டார் சைக்கிளையும் 'பாதை' எனப்படும் மிதவையில் ஏற்றித்தான் அக்கரை போக வேண்டியிருந்தது.

இந்தப் பிரதேசத்தில் வண்டி ஓடாமல் நிற்பதற்குக் காரணங்கள் பல.

முதலாவது மழை. நமக்கு மேற்குச் சரிவுகளில் வைகாசி, ஆனி மாதங்களில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். அவர்களுக்குக் கார்த்திகை முதல் தை வரை வடகீழ்ப் பருவமழை. வாவி நிரம்பினால் வயல் ரோடுகள் தண்ணீருக்குள் போய்விடும். 2011 ஜனவரியில் வந்த பெருவெள்ளம் அப்படிப்பட்டது. வண்டி வாரக்கணக்கில் வீட்டோடு கிடக்கும்.

இரண்டாவது தட்டுப்பாடு. யுத்த காலத்தில், 1990க்குப் பிறகு, வடக்கு கிழக்கில் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த பகுதிகளுக்குப் பெற்றோல், டோர்ச் பற்றரி போன்ற சாமான்களைக் கொண்டு போகத் தடை இருந்தது. 2002 ஜனவரியில்தான் அந்தத் தடைகளில் பெரும்பகுதி நீங்கியது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம் அது. ஒரு பற்றரியின் பெறுமதி அந்தத் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றாவது, நாம் எல்லோரும் கண்ட 2022. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டு. ஜூன் 27 நள்ளிரவு முதல் அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. பிறகு கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். 2023 செப்டெம்பர் 1ஆம் திகதிதான் அந்த முறை எடுபட்டது. வண்டிகள் நாட்கணக்கில், வாரக்கணக்கில் நின்றன. அதே நேரத்தில் ரூபாயின் மதிப்பு விழுந்தது. டொலர் ஒன்று 200 ரூபா அளவிலிருந்து, 2022 ஏப்ரலில் 300 ரூபாவைத் தாண்டியது. ஆகவே இறக்குமதிச் சாமானான பற்றரியின் விலையும் ஏறியது. வண்டி நிற்கும், பற்றரி சாகும், புதிது வாங்கக் காசு இருக்காது என்ற மூன்று கஷ்டமும் ஒன்றாய் வந்த காலம்.

இவற்றோடு வாவிக்கரைக்கே உரிய இரண்டு எதிரிகள் உண்டு: வெக்கையும் உப்புக் காற்றும். அவை பற்றிச் சொல்வதற்கு முன் பற்றரிக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

பற்றரிக்கு உள்ளே என்ன இருக்கிறது?

நமது வண்டிகளில் உள்ளது பெரும்பாலும் ஈய அமிலப் பற்றரி. 1859இல் பிரான்ஸ் நாட்டில் காஸ்தோன் பிளான்ரே என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தது. 160 வருசத்துக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை.

12 வோல்ற் பற்றரிக்குள் ஆறு அறைகள். ஒவ்வோர் அறையும் 2 வோல்றுக்குக் கொஞ்சம் கூடத் தரும். ஒவ்வோர் அறையிலும் இரண்டு வகைத் தகடுகள்: ஒன்று ஈயம், மற்றது ஈய ஒட்சைட்டு. அவை நீர் கலந்த சல்பூரிக் அமிலத்தில் மூழ்கி நிற்கின்றன. கரண்ட் எடுக்கும்போது அமிலம் தகடுகளில் போய் ஒட்டி, ஈய சல்பேற்று என்ற வெள்ளைப் பொருளாக மாறுகிறது. மிஞ்சுவது தண்ணீர் மாதிரி ஆகிவிடுகிறது. சார்ஜ் செய்யும்போது இது அப்படியே திரும்புகிறது. சல்பேற்று கரைந்து, அமிலம் பழைய காரத்துக்கு வருகிறது.

இதில் கவனிக்க வேண்டிய விசயம் ஒன்று. உடனே சார்ஜ் செய்தால் அந்தச் சல்பேற்று சுலபமாகக் கரையும். இறங்கிய பற்றரியை அப்படியே வாரக்கணக்கில் விட்டால், அது கற்கண்டு மாதிரிக் கட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது. பற்றரி 'செத்துப் போச்சு' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஓடி ஓடித் தேய்ந்து கெட்டுப்போகும் பற்றரி ஒரு பக்கம் இருக்க, இறங்கிய நிலையில் சும்மா கிடந்தே கெட்டுப்போகும் பற்றரிகளும் நிறைய.

சும்மா நிற்கிற வண்டியில் சார்ஜ் ஏன் இறங்குகிறது?

1. தானாக இறங்குவது. எந்த வயரும் மாட்டாமல் வைத்தாலும் பற்றரி மெதுவாக இறங்கும். பானையில் தண்ணீர் கசிவது மாதிரி. இந்தக் கசிவு வெக்கையில் கூடும். வெப்பம் 10 பாகை செல்சியஸ் கூடினால் கசிவு ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொதுக் கணக்கு. நுவரெலியாவில் சராசரி வெப்பம் 16 பாகை அளவு. மட்டக்களப்பில் 27, 28 பாகை. ஆகவே ஒரே பற்றரி அங்கே இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக இறங்கும். வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் நிறுத்தினால் இன்னும் மோசம்.

"எங்க ஊரு குளிருதான் பற்றரியக் கொல்லுது" என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. குளிர் பற்றரியைக் கொல்வதில்லை. சார்ஜ் இறங்குவதையும் குறைக்கிறது. ஆனால் குளிரில் அமிலம் மந்தமாக வேலை செய்யும், எஞ்சின் ஒயிலும் தடிக்கும். அரைகுறைச் சார்ஜோடு இருக்கும் பற்றரி காலைக் குளிரில் ஸ்டார்ட்டரைச் சுற்ற மாட்டாது. அதே பற்றரி பகல் வெயிலில் சுற்றிவிடும். அதாவது, குளிர் பற்றரியின் குறையைக் காட்டிக் கொடுக்கிறது.

2. களவாகப் போகும் கரண்ட். சாவியைக் கழற்றினாலும் சில உறுப்புகள் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். மீற்றர் போர்டில் உள்ள மணிக்கூடு, பிறகு பூட்டிய அலாரம், ஜீ.பி.எஸ். கருவி போன்றவை. ஒவ்வொன்றும் குடிப்பது கொஞ்சம்தான். ஆனால் இரவு பகல் நிற்காமல் குடிக்கும்.

3. உப்பும் ஈரமும். வாவிக் காற்றில் உப்பு இருக்கிறது. நமது மலையில் உப்பு இல்லாவிட்டாலும் பனியும் தூறலும் உண்டு. பற்றரியின் முனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்துப்போகும். அந்தப் பூப்பு கரண்ட் போகிற வழியை அடைக்கிறது. பற்றரியின் மேல்மூடியில் படிந்த ஈர அழுக்கு இரண்டு முனைகளுக்கும் நடுவில் ஒரு பாலம் போலாகி, கரண்டைக் கசிய விடும்.

ஒரு சின்னக் கணக்கு

பற்றரியின் பக்கத்தில் '12வோ 5அம்.ம.' என்ற கருத்தில் இலக்கம் போட்டிருக்கும். 5 அம்பியர் மணித்தியாலம் என்று பொருள். மில்லி அம்பியரில் சொன்னால் 5000.

உங்கள் அலாரம் 10 மில்லி அம்பியர் குடிக்கிறது என்று வைப்போம். 5000ஐ 10ஆல் வகுத்தால் 500 மணித்தியாலம். 24ஆல் வகுத்தால் ஏறத்தாழ 21 நாள். மூன்று கிழமையில் பற்றரி முழுக்கக் காலி. அதற்கு வெகு முன்னாலேயே, பாதி இறங்கியதும், ஸ்டார்ட்டர் முக்கத் தொடங்கிவிடும். ஆகவே பத்துப் பன்னிரண்டு நாள்தான் கணக்கு.

வயரைக் கழற்றி வைத்தால்? களவுக் கரண்ட் நின்றுவிடும். தானாக இறங்குவது மட்டும்தான் மிச்சம். நல்ல பற்றரி ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும். குளிர்ந்த மலையில் இன்னும் கூடத் தாங்கும். ஒரு நட்டைக் கழற்றுவதில் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

(அ) இரண்டு கிழமைக்குள் திரும்பி ஓடும் வண்டி

அலாரம் இல்லாவிட்டால் ஒன்றும் செய்யத் தேவையில்லை. அலாரம் பூட்டியிருந்தால், கீழே (ஆ)வில் சொல்கிறபடி நெகட்டிவ் வயரைக் கழற்றி விடுங்கள்.

பலர் செய்யும் ஒரு காரியம்: தினமும் காலையில் ஸ்டார்ட் போட்டு, ஐந்து நிமிசம் அப்படியே ஓடவிட்டு நிறுத்துவது. இது பற்றரிக்கு நல்லது என்று நினைக்கிறோம். நின்ற இடத்தில் மெதுவாக ஓடும் எஞ்சின் தரும் சார்ஜ் மிகக் குறைவு. புது வண்டிகளில் ஹெட்லைட்டும் தானாகவே எரியும். வருவதை விடச் செலவு கூடிப்போகலாம். எஞ்சின் நன்றாகச் சூடாகாததால் சைலன்சருக்குள்ளும் ஒயிலுக்குள்ளும் நீராவி தங்கித் துருவுக்கு வழி செய்யும். பெற்றோலும் வீண். அதைவிடக் கிழமைக்கு ஒரு தடவை 20 - 30 நிமிசம் ரோட்டில் ஓட்டி வருவது எவ்வளவோ மேல். டவுனில் சாமான் வாங்கப் போகும் பயணத்தையே அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

(ஆ) ஒரு மாதம் வரை நிற்கும் வண்டி

1. சாவியைக் கழற்றி எடுங்கள். சீட்டையோ பக்க மூடியையோ திறந்து பற்றரியைக் கண்டுபிடியுங்கள்.

2. முதலில் நெகட்டிவ் (-) முனையைக் கழற்றுங்கள். வண்டியின் இரும்புச் சட்டம் முழுவதும் நெகட்டிவோடு இணைந்துள்ளது. பொசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் சட்டத்தில் தட்டுப்பட்டால் நெருப்புப் பொறி பறக்கும். நெகட்டிவைக் கழற்றிவிட்டால் அந்தப் பயம் இல்லை.

3. கழற்றிய வயரைத் துணியிலோ பழைய சைக்கிள் டியூப் துண்டிலோ சுற்றி, திரும்ப முனையில் படாதபடி ஒதுக்கி வையுங்கள்.

4. முனைகளில் பூப்பு இருந்தால், ஒரு கோப்பை வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்து, பழைய பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். கரைசல் பற்றரிக்கு உள்ளே போகக் கூடாது. ஈரம் துடைத்து, மெல்லியதாக வசலின் அல்லது கிறீஸ் பூசுங்கள்.

5. வண்டியை நிழலில், மழை படாத இடத்தில் நிறுத்துங்கள். காற்றே போகாதபடி பிளாஸ்டிக் தாளால் இறுக்கிக் கட்டாதீர்கள். உள்ளே வேர்த்துத் துருப்பிடிக்கும்.

(இ) ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும் வண்டி

பற்றரியை முழுவதும் கழற்றி எடுத்து வையுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதல், பொசிட்டிவ் பிறகு. திரும்பப் பூட்டும்போது பொசிட்டிவ் முதல், நெகட்டிவ் கடைசி. முழுச் சார்ஜ் செய்தபின்தான் வைக்க வேண்டும். பிறகு மாதம் ஒரு தடவை சோதித்து, தேவையானால் சார்ஜ் செய்ய வேண்டும். வாவிக்கரை போன்ற சூடான இடமானால் மூன்று கிழமைக்கு ஒரு தடவை.

பற்றரியைக் கழற்றிய நிலையில் உதைத்து ஸ்டார்ட் பண்ணி எஞ்சினை ஓட்ட வேண்டாம். பற்றரி இல்லாதபோது வோல்ற் கூடிக் குறைந்து பல்புகளும் மற்ற மின் உறுப்புகளும் எரிந்துபோகலாம்.

வோல்ற் பார்க்கும் விதம்

ஒரு சின்ன மல்டிமீற்றரை லயத்தில் நாலைந்து பேர் சேர்ந்து வாங்கினால் எல்லோருக்கும் உதவும். வண்டியை நிறுத்தியோ சார்ஜ் செய்தோ சில மணித்தியாலம் கழித்துத்தான் அளக்க வேண்டும். உடனே அளந்தால் பொய்க் கணக்குக் காட்டும்.

12.6க்கு மேல்: முழுச் சார்ஜ். கவலை இல்லை.
12.4 அளவு: முக்கால் பங்கு. சார்ஜ் செய்ய வேண்டிய நேரம்.
12.2 அளவு: பாதி. உடனே சார்ஜ் செய்யுங்கள்.
12.0 அல்லது அதற்குக் கீழ்: கால் பங்கோ, அதைவிடக் குறைவோ. சல்பேற்று கட்டியாகத் தொடங்கும் ஆபத்து.

12 வோல்ற் பற்றரி 12 காட்டினால் போதும் என்று நினைத்து ஏமாறாதீர்கள். 12 காட்டுகிறதென்றால் பற்றரி அநேகமாகக் காலி என்றுதான் அர்த்தம்.

சார்ஜ் செய்யும் விதம்

டவுனில் கார், லொறி பற்றரிகளைச் சார்ஜ் செய்யும் கடைகள் உண்டு. கரண்ட் வராத காலத்தில் லயத்தில் டி.வி. பார்க்கக் கார் பற்றரியைத் தோளில் சுமந்து அந்தக் கடைகளுக்குப் போன பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். கார் பற்றரிக்குப் போடும் கரண்டை மோட்டார் சைக்கிள் பற்றரிக்குப் போடக் கூடாது. பொது விதி: பற்றரியின் அளவில் பத்தில் ஒரு பங்கு. 5 அம்பியர் மணித்தியாலப் பற்றரிக்கு அரை அம்பியர். அதைவிட மிக அதிகமாகப் போட்டால் அமிலம் கொதித்து, தகடு வளைந்து, பற்றரி கெட்டுப்போகலாம். கடைக்காரரிடம், "அண்ணே, பைக் பற்றரி, அரை அம்பியரில் போடுங்க" என்று சொல்லிக் கொடுங்கள். பாதி இறங்கிய பற்றரிக்கு 6 - 7 மணித்தியாலம் வேண்டும்.

வீட்டில் கரண்ட் இருந்தால், மோட்டார் சைக்கிளுக்கென்றே விற்கும் தானாக நிற்கும் சார்ஜர் நல்லது. பற்றரி நிறைந்ததும் அது கரண்டைக் குறைத்துக்கொள்ளும். தானாக நிற்காத சார்ஜரை மாட்டிவிட்டுப் பெரட்டுக்கோ மலைக்கோ போய்விடாதீர்கள்.

வெயில் நன்றாக அடிக்கும் இடத்தில் 5 வோற் அல்லது 10 வோற் சூரியத் தகடு ஒன்றும் போதும். மட்டக்களப்பு போன்ற பிரதேசத்துக்கு அது மிகவும் பொருந்தும். ஆனால் தகட்டுக்கும் பற்றரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கருவி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிப்போய் அமிலம் வற்றிவிடும்.

தண்ணீர் ஊற்றும் பற்றரியா, சீல் பற்றரியா?

பழைய வண்டிகளில் மேலே ஆறு மூடிகள் இருக்கும். பக்கத்தில் மேல் கோடு, கீழ்க் கோடு என இரண்டு அடையாளம். அமிலம் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் காய்ச்சி வடித்த நீர் மட்டும் ஊற்றுங்கள். புதிதாக அமிலம் ஊற்ற வேண்டாம். ஆவியாகிப் போவது தண்ணீர்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது.

பீலித் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் எதுவும் சரிவராது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். அதில் கரைந்துள்ள இரும்பும் உப்பும் அப்படியே இருக்கும். அவை தகட்டைக் கெடுக்கும். வாவித் தண்ணீரோ கடல் தண்ணீரோ உள்ளே போனால் இன்னும் ஆபத்து. உப்பிலிருந்து குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் பற்றரியை அப்படியே சார்ஜ் போடாமல், தெரிந்தவரிடம் காட்ட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

மேலே மூடி இல்லாமல் அடைத்திருந்தால் அது சீல் பற்றரி. அதைக் குத்தித் திறக்கவோ தண்ணீர் ஊற்றவோ கூடாது.

ஒரு சின்ன உரையாடல்

விசயம் மனதில் பதிவதற்காக ஒரு கற்பனை உரையாடல். மலையகத் தோட்டத்துத் தம்பி ஒருவர் மட்டக்களப்பில் கடையில் வேலை செய்கிறார். தீபாவளிக்கு ஊருக்குப் போய் ஒன்றரை மாதம் கழித்து வந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு கராஜுக்குப் போகிறார்.

தம்பி: அண்ணே, வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுங்க. செல்ஃப் அமுக்குனா 'டிக்'னு மட்டும் சத்தம் வருது.

பாஸ்: எவ்வளவு நாளாக் கிடந்தது தம்பி?

தம்பி: ஒன்றரை மாசம் இருக்குங்கண்ணே. ஊருக்குப் போயிருந்தேன்.

பாஸ்: அலாரம் ஒண்டும் பூட்டியிருக்கு. அதையும் போட்டிற்றுத்தானே போன?

தம்பி: ஆமாங்கண்ணே. களவு போயிருமேன்னுதான்.

பாஸ்: வண்டி களவு போகல்ல தம்பி, சார்ஜ்தான் களவு போயிருக்கு. நெகட்டிவ் வயரக் கழட்டி வச்சிற்றுப் போயிருந்தா இந்தக் கரச்சல் வந்திராது.

தம்பி: எங்க ஊர்ல மூணு மாசம் நின்னாலும் இப்படி ஆகலியேண்ணே?

பாஸ்: உங்கட ஊர் குளிர். இஞ்ச வெக்கை. அதோட முனையப் பார், உப்புக் காத்துப் பட்டுப் பச்சையாப் பூத்துக் கிடக்கு. சரி, அரை அம்பியரில போட்டுப் பாப்பம். பொறுமையாப் போட்டா எழும்பினாலும் எழும்பும். நாளைக்கு இந்நேரம் வா.

தம்பி: தள்ளி ஸ்டார்ட் பண்ண ஏலாதாண்ணே?

பாஸ்: பழைய கார்பரேட்டர் வண்டியெண்டா உதைச்சு எடுக்கலாம். உன்ட வண்டி புதுசு. பெற்றோல் பம்புக்கே கரண்ட் வேணும். பற்றரி முழுக்கச் செத்தா தள்ளினாலும் அநேகமா எடுக்காது.

கடைசியாகச் சொன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய வண்டி ஓட்டிப் பழகியவர்கள், "பற்றரி இல்லாட்டி என்ன, உதைச்சா எடுக்கும்" என்று இருந்துவிடுகிறார்கள். புது வண்டிகள் பலவற்றில் கிக்கரே இல்லை.

லயத்துக்குள் கவனம்

நமது காம்பராக்கள் சின்னவை. சமையலும் படுக்கையும் பிள்ளைகளின் படிப்பும் பக்கத்துப் பக்கத்தில்தான். ஆகவே இதைப் பெண்களும் தெரிந்திருக்க வேண்டும்.

* சார்ஜ் ஏறும்போது பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வரும். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே நெருப்புப் பட்டு வெடிக்கும். அடுப்பு, குப்பி விளக்கு, சாமி விளக்கு, பீடி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. இஸ்தோப்பில், காற்றோட்டமாக வைத்துச் சார்ஜ் செய்யுங்கள்.

* முதலில் பற்றரியில் மாட்டி, பிறகு சுவிட்சைப் போடுங்கள். கழற்றும்போது முதலில் சுவிட்சை நிறுத்துங்கள்.

* பற்றரியை எப்போதும் நிமிர்த்தி, பழைய பிளாஸ்டிக் பேசினுக்குள் வைத்துக் கொண்டு போங்கள். பஸ்ஸில் மடியில் வைத்துப் போனால் அமிலம் சிந்தி உடுப்பும் தோலும் பொசுங்கும்.

* அமிலம் தோலில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கசக்காமல், குறைந்தது 15 நிமிசம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எண்ணெய், மஞ்சள், தாய்ப்பால் எதுவும் விட வேண்டாம்.

* கழற்றிய பற்றரியைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

பழைய பற்றரியை என்ன செய்வது?

செத்த பற்றரியைக் கானுக்குள்ளோ தேயிலைக்குள்ளோ எறிய வேண்டாம். அதை உடைத்து ஈயம் எடுக்கவும் வேண்டாம். வாவிக்கரையில் மீன் பிடிக்கும் உறவுகளுக்கு ஒரு வார்த்தை: வலைக்கு ஈயமணி செய்ய வீட்டு முற்றத்தில் பற்றரி ஈயத்தை உருக்காதீர்கள். அந்தப் புகையும் தூசும் சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஈயத்தைப் பொறுத்தவரை, "இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை" என்று சொல்லக்கூடிய அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். புதுப் பற்றரி வாங்கும்போது பழையதைக் கடையில் கொடுத்தால் விலையில் கழித்துத் தரும் கடைகள் உண்டு. கேட்டுப் பாருங்கள்.

படித்ததைச் சோதித்துப் பாருங்கள்

1. உங்கள் பற்றரி 4 அம்பியர் மணித்தியாலம். எத்தனை அம்பியரில் சார்ஜ் செய்ய வேண்டும்?
2. வயரைக் கழற்றும்போது எந்த முனை முதல்? ஏன்?
3. பற்றரியைச் சீமெந்துத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்குமா?
4. ஹாலிஎலையில் நிற்கும் வண்டி, களுவாஞ்சிக்குடியில் நிற்கும் வண்டி: எதன் பற்றரி முதலில் இறங்கும்?
5. மீற்றர் 12.1 காட்டுகிறது. மகன் அடுத்த மாதம்தான் வருவான். வீட்டில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

விடைகள்

1. 0.4 அம்பியர்.
2. நெகட்டிவ். ஸ்பேனர் சட்டத்தில் பட்டாலும் பொறி பறக்காது.
3. இறங்காது. முன்காலத்தில் பற்றரியின் கூடு வேறு பொருட்களால் செய்யப்பட்டது. அதனால் வந்த பேச்சு. இன்றைய பிளாஸ்டிக் கூட்டுக்கு அது பொருந்தாது. ஆனால் ஈரத் தரையில் வைத்தால் அழுக்குப் படியும். ஒரு பலகையில் வைப்பது நல்ல பழக்கம்.
4. மற்றதெல்லாம் சமமாக இருந்தால் களுவாஞ்சிக்குடி வண்டி. அங்கே வெக்கை கூட.
5. மகன் வரும்வரை காத்திருக்கக் கூடாது. இப்போதே பற்றரியைக் கழற்றிச் சார்ஜ் செய்து வைக்க வேண்டும். ஒரு மாதம் இறங்கிய நிலையில் கிடந்தால் சல்பேற்று கட்டியாகி, பிறகு எழும்பாமல் போகலாம்.

ஐந்தாவது கேள்விதான் முக்கியமானது. வண்டி மகனுடையதாக இருக்கலாம். ஆனால் நடுச்சாமத்தில் அது தேவைப்படுவது தோட்டத்தில் இருப்பவர்களுக்கு. ஆகவே இந்தப் பக்கத்தை வீட்டில் உள்ள அம்மா, அக்கா, தங்கச்சி எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். பற்றரி எங்கே இருக்கிறது, எந்த நட்டைக் கழற்ற வேண்டும் என்று மகன் ஊருக்கு வரும்போது ஒரு தடவை காட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஸ்பேனரைச் சீட்டுக்கு அடியிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள்.